வலது செருப்பில் ஒரு வட்டம்

மின்னல் வேகத்தில் நடந்து முடியும் ரசாயன வினைகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாநாடு கூடும். அங்கே வருகிறவர்களைப் போல நிதானமான மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு வினாடியை ஆயிரம் துண்டாக வெட்டி, அதில் ஒரே ஒரு துண்டில் என்ன நடந்தது என்று சொல்ல வருவார்கள். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். ஒதுக்கிய நேரமோ பதினைந்து நிமிடம். ஒரு பேராசிரியர் முன்னுரை சொல்லத் தொடங்கியபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய மாணவர் ஒருவர், அந்த முன்னுரை முடிவதற்குள் பட்டம் வாங்கி, கல்யாணம் செய்துகொண்டு, கைக்குழந்தையோடு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நம்பாதவர்கள் இருக்கலாம். குழந்தையை வைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அதனால்தான் மணி அடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் விஞ்ஞானிகளில் ஒருவரையே உட்கார வைத்துப் பார்த்தார்கள். அவர் பேச்சில் மயங்கி மணியை மறந்துவிட்டார். அடுத்து உட்கார்ந்தவரோ பேச்சைக் கேட்டுக் கோபம் வந்து மூன்றாவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார். ஒன்றும் புரியாத ஆளாகப் பார்த்துப் போடுவோம் என்று முடிவானது. கருவிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த நான் அகப்பட்டேன். பித்தளைக் கைமணி ஒன்றைக் கொடுத்து மேடைக்குக் கீழே வலது ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு தடவை, பதினைந்தாவதில் இரண்டு தடவை. முப்பது வருடம் அடித்தேன். பேசியதெல்லாம் எனக்குப் புரிந்தது என்பதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மணியைப் பிடுங்கியிருப்பார்கள்.

தேநீர் இடைவேளையில்தான் இவர்களுடைய உண்மையான வேகம் தெரியும். பிஸ்கட் தட்டின் அரை ஆயுளை, அதாவது தட்டில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை, நிறுத்துக் கடிகாரம் வைத்து நானே அளந்திருக்கிறேன். நான்கு வினாடி. அடுத்த நான்கு வினாடியில் மிச்சத்தில் பாதி. பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே குறையும். மூன்றாவது தட்டு மட்டும் கணக்குக்குள் வரவில்லை. விசாரித்ததில், அந்தச் சமயம் மாநாட்டுத் தலைவர் வந்துவிட்டார் என்று தெரிந்தது.

நான் அந்த மாநாட்டுக்குப் போனதற்குக் காரணம் என் தங்கை. அவள் நன்றாகப் படித்தாள். நான் நன்றாக இரும்பை அரத்தால் ராவினேன். அவள் எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்தாளோ அதே கட்டடத்தின் அடித்தளத்தில்தான் என் பட்டறை. மில்லிசெகண்ட், மில்லிசெகண்ட் என்று வீட்டில் சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்ததால் அவளுக்கு மில்லி என்று நான் பேர் வைத்தேன். அம்மாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். அம்மாவைப் பொறுத்தவரை அது ஏதோ பாலில் செய்யும் ஆராய்ச்சி.

அவளுக்குக் கருவியைச் செய்து கொடுத்தது நான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு கண்ணாடி ஊசிக்குழல்களில் இரண்டு கரைசல். இரண்டையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் ஒரு சின்ன அறைக்குள் மோதிக் கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாக ஓடி, மூன்றாவது ஊசிக்குழலில் போய் நிரம்பும். அந்த மூன்றாவதின் தண்டு பின்னால் வந்து ஒரு இரும்புக் கட்டையில் முட்டும். முட்டியதும் ஓட்டம் சட்டென்று நிற்கும். நின்ற இடத்தில் நிறம் எப்படி மாறுகிறது என்று ஒளியை விட்டுப் பார்க்க வேண்டியதுதான். திரையில் ஒரு பச்சைக் கோடு சறுக்குமரம் போல இறங்கும். அதைப் படம் பிடிப்பாள். கலப்பதற்கும் நிற்பதற்கும் நடுவே இரண்டு மில்லிசெகண்ட் போய்விடும். அதற்குள் நடந்ததை யாராலும் பார்க்க முடியாது. எங்கள் தொழிலில் அதற்குச் செத்த நேரம் என்று பேர்.

தண்டு முட்டும் கட்டையில் கெட்டியான வாஷர் ஒன்று உண்டு. ஒரு நாள் அது விரிசல் விட்டுவிட்டது. புதிதுக்கு எழுதிப்போட்டால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மில்லியோ மூன்று நிமிடம்கூடப் பொறுக்கிற ஜாதி இல்லை. ஆறு வருடமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். அந்த வருடம் நிரந்தர இடம் ஒன்று காலியானது. மாநாட்டில் புதிதாக எதையாவது காட்டினால்தான் கிடைக்கும். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். கீழேயும் பார்த்தேன். காலில் புது ரப்பர் செருப்பு. தக்கையில் துளை போடும் குழாய்க் கத்தியை எடுத்து, வலது செருப்பின் குதிகால் பக்கம் வட்டமாக ஒரு துண்டு எடுத்து, கட்டையில் ஒட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. "வாஷர் மாத்திட்டேன்" என்று சொன்னேன். அதில் பொய் ஏதும் இல்லை. நோட்டில் 'புது வாஷர்' என்று எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் பட்டறைக்கு ஓடி வந்தாள். சறுக்குமரத்தின் நடுவில் ஒரு திமில். இறங்கிக்கொண்டிருந்த கோடு எட்டாவது மில்லிசெகண்டில் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்கியது. ஏதோ ஒரு புதுப்பொருள் கண் சிமிட்டும் நேரத்துக்குப் பிறந்து செத்துப் போகிறது என்று அவள் கணக்குப் போட்டாள். நாற்பது தடவை செய்து பார்த்தாள். நாற்பது தடவையும் திமில் அதே இடத்தில் வந்தது. வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தாள், வரவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினோம். மலை மாதிரி இருக்கு என்றாள்.

மாநாட்டுக்குப் பதினான்கு மணி நேர ரயில் பயணம். கருவி என் மடியில் வந்தது. மில்லி எதிரே உட்கார்ந்து பேச்சை மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு பயம். சோடாபுட்டி.

சோடாபுட்டி என்பது நான் வைத்த பேர். தடித்த கண்ணாடி போட்ட பேராசிரியர். முன்வரிசையில் உட்கார்ந்து, யார் பேசினாலும் எழுந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "உங்க கருவி நின்னதுக்கு அப்புறம் ஆடுதா?" பதினோரு வருடமாக இதே கேள்வி. ஒரு தடவை ஒருவர் கருவியே இல்லாமல் வெறும் கணக்கை மட்டும் பேசினார். அவரிடமும் கேட்டார். போன மாநாட்டில் மில்லியிடம் கேட்டபோது அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. அரங்கமே சிரித்தது. இந்த முறை அவர் முகத்தில் கரியைப் பூச வேண்டும் என்று ரயிலிலேயே சபதம் எடுத்திருந்தாள்.

அவளுடைய பேச்சு பிற்பகலில். காலையிலேயே தாழ்வாரத்தில் ஒரு மேஜை போட்டுக் கருவியை வைத்தார்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. பக்கத்து மேஜையில் கருவிச் சாமான் விற்கிற கம்பெனிக்காரர் ஒருவர். அவர் பெட்டியில், வர மூன்று மாதம் ஆகும் என்று சொன்ன அதே கெட்டி வாஷர் பத்துப் பன்னிரண்டு கிடந்தது. ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தங்கையின் முக்கியமான நாள், எல்லாம் முறையாக இருக்கட்டும் என்று செருப்புத் துண்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நல்ல வாஷரை மாட்டி, கருவியை ஒரு தடவை ஓட்டினேன்.

திமில் இல்லை.

மறுபடி ஓட்டினேன். கோடு வழவழவென்று இறங்கியது. கரைசலை மாற்றினேன். விளக்கைத் துடைத்தேன். ஒன்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். பிறகு வேண்டா வெறுப்பாகச் செருப்புத் துண்டைத் திரும்ப ஒட்டினேன். முதல் தள்ளிலேயே திமில் எழுந்து என்னைப் பார்த்தது.

பொய் சொல்கிற மனிதன் நாற்பது தடவையும் ஒரே மாதிரி சொல்ல மாட்டான். செருப்பு சொல்லும். தண்டு வந்து முட்டியபோது ரப்பர் அமுங்கியிருக்கிறது. அமுங்கிய இடத்துக்குப் புதுக் கரைசல் ஒரு துளி கூடுதலாக உள்ளே வந்திருக்கிறது, கோடு ஏறியிருக்கிறது. அவ்வளவுதான். தண்ணீரில் எப்படித் தெரியும்? முன்னால் வந்தாலும் தண்ணீர், பின்னால் வந்தாலும் தண்ணீர். பிறந்து செத்த புதுப்பொருள் என் குதிகால்.

அவளைத் தேடிப் போனேன். தாழ்வாரத்தின் கடைசியில் சுவரைப் பார்த்து நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள்.

"அண்ணா, இப்ப எதுவும் சொல்லாத. காதுல ஏதாவது விழுந்தா வரிசை மறந்துடும்."

"ஒரே ஒரு விஷயம், மில்லி."

"அப்புறம். வேலை கிடைச்சதுக்கு அப்புறம் எத்தனை விஷயம் வேணாலும் சொல்லு."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நான் சொல்ல வந்தேன், அவள்தான் கேட்கவில்லை. இனி யார் என்னைக் குறை சொல்ல முடியும்? விஷயம் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன். வேலை நியமனக் குழுவின் தலைவர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு அவள் பேசட்டும், வேலையில் சேரட்டும், ஒரு வருடம் கழித்து, மெதுவாக, ஏதாவது விசேஷ நாளில் சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு போய் மணியோடு உட்கார்ந்தேன். வலது காலை இடது காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

மில்லி அன்றைக்குப் பேசியது போல அந்த அரங்கில் யாரும் பேசியதில்லை. அண்ணன் சொல்கிறேன் என்று தள்ளிவிட வேண்டாம். தூங்குவதற்கென்றே வரும் இரண்டு பேராசிரியர்கள் விழித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் முதன்முறையாகப் பார்த்து அறிமுகம் செய்துகொண்டார்கள். ஒன்பதாவது நிமிடம். அடுத்த படம் திமில். அதற்கு முன் அவள் சோடாபுட்டியை நேராகப் பார்த்தாள்.

"அடுத்து நான் காட்டப்போறதை முதல்ல நானே நம்பல. கருவியில கோளாறுன்னு யாராவது கேட்பீங்க. இந்தக் கருவியைச் செஞ்சவர் எங்க அண்ணன். இதோ மணியோட உட்கார்ந்திருக்கார். அவர் செஞ்சது பொய் சொல்லாது."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கை தானாக எழுந்தது. மணி அடித்துவிட்டது.

மில்லி கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்த பார்வையில், இன்னும் மூணு நிமிஷம் இருக்கே, உனக்கென்ன பைத்தியமா என்று இருந்தது.  குனிந்து வலது செருப்பைக் கழற்றினேன். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

ஒரு கூட்டத்தில் ஒருவன் செருப்பைத் தூக்கினால் என்ன நினைப்பார்கள்? முதல் இரண்டு வரிசையும் தலையைக் குனிந்துகொண்டது. நியமனக் குழுத் தலைவர் காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். சோடாபுட்டி மட்டும் குனியவில்லை. அவருக்கு அவ்வளவு தூரம் தெரியாது. ஆனால் என் தங்கை என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவள். நான் எறிய மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். செருப்பின் குதிகாலில் இருந்த ஓட்டை வழியாக ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. நாணயம் போல வட்டமாக. அந்த வட்டத்தின் அளவு அவளுக்கு அத்துப்படி.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்வதற்கும் தெரிந்துகொண்டதற்கும் நடுவே ஒரு இடம் உண்டு. அங்கே என்ன நடந்தது என்று யாரும் பார்த்திருக்க முடியாது. நானும் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு மில்லி இருந்தாள். அந்தப் பக்கம் வேறொரு மில்லி இருந்தாள்.

"அடுத்த படத்தைப் போடுங்க" என்றாள். திரையில் திமில் வந்தது. "இது எங்க அண்ணனோட செருப்பு" என்றாள்.

மீதி ஆறு நிமிடத்தில் அவள் எதையும் மறைக்கவில்லை. ரப்பர் அமுங்குவது, துளி உள்ளே வருவது, தண்ணீரில் ஏன் தெரியவில்லை என்பது, எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்து காட்டினாள். நான் கண்டுபிடிக்க ஒரு காலைப் பொழுது ஆனதை, அவள் மேடையில் நின்றபடியே நான்கு கோட்டில் கண்டுபிடித்துவிட்டாள். 'புது வாஷர்' என்று எழுதினேனே தவிர, என்ன வாஷர் என்று கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்று முடித்தாள். பதினைந்தாவது நிமிடம் சரியாக இருந்தது. இரண்டு தடவை அடித்தேன். 

வழக்கம்போல சோடாபுட்டி எழுந்தார்.  

"பதினோரு வருஷமா கேட்கிறேன்" என்றார். "இன்னைக்குத்தான் ஒருத்தர் ஆடுதுன்னு சொன்னார்." உட்கார்ந்துவிட்டார்.

அந்த வேலை மில்லிக்குக் கிடைக்கவில்லை. நேர்கோடாக மூன்று படம் காட்டிய ஒருவருக்குப் போனது. திரும்பி வரும் ரயிலில் பதினான்கு மணி நேரமும் அவள் என்னோடு பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றாள். சொன்னேன். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புதுச் செருப்பையாடா வெட்டினே?" என்றாள். அதற்கப்புறம் அந்தச் சம்பவத்தை யார் எடுத்தாலும் அம்மாவுக்கு அது செருப்பு வீணான கதைதான். அன்றைக்கு அம்மா கேட்டதில் மில்லி சிரித்துவிட்டாள். அதிலிருந்து பேச ஆரம்பித்தோம்.

ஒரு மாதம் கழித்து சோடாபுட்டியிடமிருந்து கடிதம் வந்தது. தன் ஆய்வகத்தில் ஓர் இடம் இருக்கிறது, தன்னிடம் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் கருவி ஆடவே ஆடாது என்று சத்தியம் செய்கிறவர்கள், அதனால் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருந்தார். அந்த ஊர் ரயிலில் இரண்டு நாள் தூரம். மில்லி போய்விட்டாள். கருவியையும் கொண்டு போனாள். வலது செருப்பையும், அந்த வட்டத் துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இடது செருப்பு என்னிடம் தங்கிவிட்டது.

நான் உண்மையைச் சொன்னதில் எனக்குக் கிடைத்தது இதுதான்: ஒரே கட்டடத்தில் இருந்த தங்கையை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பார்க்கிறவனாக ஆனேன்.

அந்த நாட்களைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாநாட்டு அரங்கத்தின் மர நாற்காலிகள், படம் மாறும்போது கேட்கும் கிளக் சத்தம், சூடான விளக்கின் முன்னால் பறக்கும் தூசி. அவள் உள்ளே வரும்போதே மேடையைப் பார்க்க மாட்டாள். வலது ஓரத்தைப் பார்ப்பாள், நான் மணியைச் சற்றுத் தூக்கிக் காட்டுவேன். தேநீர் இடைவேளையில் எனக்கு நான்கு பிஸ்கட்டைக் கைக்குட்டையில் பத்திரப்படுத்தி வைப்பாள். வேகமாக எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசி நாள் கடைசி அமர்வில் யாரும் சாதனை பேசக் கூடாது, தங்கள் தவறை மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. மேஜை மேல் என் வலது செருப்பைத் துணி விரித்து வைப்பார்கள். அந்த அமர்வில் மட்டும் எல்லோரும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். சோடாபுட்டி மட்டும் ஒரு முறை ஒன்றரை மணி நேரம் பேசினார். எனக்கு அடிக்க மனம் வரவில்லை. அடுத்த மாநாட்டுக்கு அவர் இல்லை. முன்வரிசையில் அவர் நாற்காலியில் யாரும் உட்காராமல் விட்டார்கள். பேசி முடித்தவர்கள் ஒவ்வொருவரும் கேள்விக்காக அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்கள்.

இப்போது மாநாடு கணினித் திரையில் நடக்கிறதாம். நேரம் முடிந்தால் திரையே பேச்சை அறுத்துவிடுமாம். மணியை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

போன வாரம் மில்லி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது அவளுக்கு. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"அண்ணா, நம்ம பழைய கருவியைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறாங்க. கட்டையில வாஷர் இல்ல."

"ஏன், அந்த வட்டம் எங்க?"

"பொடிஞ்சு போச்சு. செருப்பும்தான். வெளிச்சத்துலயே வச்சிருந்தேன்."

"நல்ல வாஷர் கடையில கிடைக்குமே."

"கிடைக்கும். எனக்கு அது வேணாம்." என்றாள். "இடது செருப்பு இருக்கா?"

இருக்கிறது. ரப்பரை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும். பவுடர் தூவி, காகிதத்தில் சுற்றி, தகர டப்பாவில் போட்டு, வெளிச்சம் படாமல் நாற்பது வருடமாக வைத்திருக்கிறேன். நேற்றுக் கடையில் வாங்கியது போல இருக்கிறது. வட்டத்தை வெட்டி ஒரு உறையில் போட்டு அனுப்ப ஐந்து நிமிட வேலை.

"இருக்கு" என்றேன். "தபால்ல அனுப்ப மாட்டேன். வேணும்னா நேர்ல வந்து வாங்கிக்கோ."

"ரெண்டு நாள் ரயில் அண்ணா. எனக்கு முழங்கால் வலி."

"எனக்கு ரெண்டு முழங்காலும் வலி. நான் உன்னை வான்னுதானே கூப்பிடறேன், நான் வரேன்னா சொன்னேன்?"

 சிரித்தாள். வரும்போது பிஸ்கட் வாங்கி வருகிறேன், பல் இருக்கிறதா என்று கேட்டாள். நனைத்துச் சாப்பிடலாம் என்றேன்.

வியாழக்கிழமை வருகிறாள். தகர டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். பித்தளை மணியையும் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். பிறகு யோசித்துவிட்டு, ஒரு திருப்புளியை எடுத்து மணியின் நாக்கைக் கழற்றி டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டேன்.